அறுபட்ட ஒரு ஜோடி ஷூ

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம். உத்திரமேரூர் பஜாரில் எனக்கு பைப், பெயிண்ட் விற்கிற கடை. வேறு யாரும் தலையைக் கொடுக்காததால் ஊர் கால்பந்துக் கழகத்துக்கு நான்தான் செயலாளர். பெண்களும் ஆடினால்தான் மைதானம் தருவோம் என்று பேரூராட்சியில் சொல்லிவிட்டார்கள். அதனால் 'ஆண்கள் மற்றும் பெண்கள் கால்பந்துக் கழகம்' என்று போர்டு எழுதி மாட்டினேன். பள்ளிக்கூடத்தில் ஆடிப் பழகிய பதினோரு பெண்கள் நிஜமாகவே வந்து சேர்ந்தார்கள். காலையில் வெறுங்காலோடு ஆடுவார்கள். ஒரு பழைய பந்தைக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்தேன்.

என் தங்கை வீட்டுக்காரர் மலேசியாவில் ஒரு கால்பந்து கிளப்பில் பஸ் டிரைவர். அந்த கிளப்பின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டையும் அவர்தான் ஏற்றிப் போவார். போன் செய்தால் போதும், அந்தப் புராணம்தான். "உங்க கிளப்புலயும் பொண்ணுங்க ஆடுறாங்களா மச்சான்?" என்று ஒருநாள் கேட்டார். நமக்கென்ன குறைச்சல் என்று, "ரெண்டு டீமும் கீது மச்சான்" என்று பெருமையாகச் சொல்லி வைத்தேன்.

கொஞ்ச நாளில் கார்கோவில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே பதினோரு ஜோடி கால்பந்து ஷூ. அதிகம் தேயாதவை. உடனே ஆண்கள் அணியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். ஒருத்தன் காலும் நுழையவில்லை. பவுடர் போட்டுத் திணித்து ஆடிய ஒருவனுக்குக் கட்டைவிரல் நகமே பெயர்ந்துவிட்டது. "இன்னா பாய், அந்த வூரு ஆளுங்களுக்கு காலு இவ்ளோதானா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள், ஏதோ நான் அளவெடுத்துத் தைத்த மாதிரி.

மச்சானுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. அங்கே போட்டிகள் நடக்கிற சமயம். "அனுப்புனதுதான் அனுப்புனீங்க, சைஸ் பாத்து அனுப்பக் கூடாதா?" என்று ஆத்திரத்தில் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். அதோடு விட்டேனா? ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்பு தைப்பவரிடம் போய், முன்பக்கத்தை அறுத்து நீட்டித் தரச் சொன்னேன். "நல்லா கீற ஷூவ அறுக்கச் சொல்றியே பாய்" என்று இரண்டு தடவை கேட்டார். அறுங்கள் என்றேன். அறுத்தார். பிறகு அதை நீட்டவும் முடியவில்லை, ஒட்டவும் முடியவில்லை. எல்லாவற்றையும் பெட்டியிலேயே போட்டுக் கடை மூலையில் தள்ளிவிட்டேன்.

இந்தப் பேஜாருக்கு நடுவில் பெண்கள் அணியின் கேப்டன் கடைக்கு வந்தாள். நர்சிங் படிக்கிற பெண். "ஞாயித்துக்கெழம காஞ்சிபுரத்துல மேட்ச் பாய். எங்களுக்கு இதான் மொத மேட்ச். ஷூ இல்லாம எறங்க வுடமாட்டாங்களாம். எதுனா பண்ணுங்க." எனக்கு வந்ததே கோபம். நாலு நாளில் பதினோரு ஜோடிக்கு நான் எங்கேயம்மா போவேன் என்று கத்தினேன். அவள் தன் பையை வைத்திருந்தது அந்த மலேசியாப் பெட்டியின் மேல்தான்.

கத்தினாலும் அலைந்தேன். வாலாஜாபாத்தில் கிடைக்கவில்லை. காஞ்சிபுரத்துக் கடைக்காரர், "பொம்பளப் புள்ளைங்க சைஸா? யாரும் கேக்கறதில்ல பாய். சொல்லி வெச்சா பத்து நாளாவும்" என்றார். பெரிய சைஸை மட்டும் அடுக்கி வைத்துக்கொண்டு என்ன கடை நடத்துகிறார் என்று அவரையும் திட்டிக்கொண்டே திரும்பினேன். சின்ன ஷூ நம் கடையில் கிடக்கிறதே என்று அப்போதும் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு காலை, நடுவரிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று பெண்கள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் மச்சான் கூப்பிட்டார். "அது பொண்ணுங்க ஷூ மச்சான். எங்க டீம் பொண்ணுங்க, உங்க பொண்ணுங்களுக்குன்னு அவங்களே தொடச்சி எடுத்து வெச்சாங்க. நீங்க யாருக்குக் குடுத்தீங்க?"

போனை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கடையைத் திறந்து பெட்டியைத் தூக்கி வந்தேன். வேனிலேயே போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேர் மட்டும் முன்னால் துணி வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அப்படியே பொருந்தியது. அறுபட்ட ஜோடியை கேப்டன் தானே எடுத்துக்கொண்டாள். மைதானத்தில் நடுவர் அவள் விரல்கள் வெளியே தெரிவதைப் பார்த்துவிட்டு, முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்துக்கு ஒரு கடையும் திறக்கவில்லை. பத்துப் பேர்தான் இறங்கினார்கள். இடைவேளையில் ஒருத்தி தன் ஷூவைக் கழற்றிக் கொடுக்கப் பார்த்தாள், இவள் வாங்கவில்லை. கோட்டுக்கு வெளியே என் பக்கத்தில் நின்று ஆட்டம் முடிகிறவரை கத்திக்கொண்டே இருந்தாள். ஒரு கோலில் தோற்றோம்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திரும்பி வரும்போது வேனில் மெதுவாகக் கேட்டாள். "அறுக்கச் சொல்லும்போது எங்க நெனப்பே வர்லியா பாய்?"

கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உங்களுக்குக் கிடையாது என்று நான் மறுத்திருந்தால்கூட அது ஒரு சண்டை, பேசித் தீர்த்திருக்கலாம். நினைப்பே வரவில்லை என்பதை எந்த முகத்தோடு சொல்வது? அதற்குப் பிறகு அந்த அணிக்கு எது கேட்டாலும் முதல் ஆளாக ஓடுகிறேன், ஆனால் அவள் கேட்ட அந்த ஒன்றுக்கு மட்டும் இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.