ஒருமுறை கூப்பிட்ட குரல்

லூனாஸில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டுக்காரர் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து வந்து காடியைத் திருப்பும்போது, அதன் முன்விளக்கு வெளிச்சம் எங்கள் கேட்டுக்குள் புகுந்து, சுவரில் சாய்த்து வைத்திருக்கும் சைக்கிள் மேல் ஒரு கணம் விழும். பெடல்களில் பதித்த ஆரஞ்சுச் சில்லுகள் இரண்டும் பளிச்சென்று எரிந்து அணையும். அவ்வளவுதான் விஷயம். அதற்கே நான் சட்டென்று குனிந்துவிடுவேன். அந்தச் சில்லுகளைப் பிடுங்கிப் போடுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பசாருக்கு அந்த சைக்கிளில்தான் போய்வருகிறார். "அதக் கழட்டினா பின்னால வர்ற லாரி என்னைய அடிச்சிட்டுப் போயிடும்லா" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அந்தச் சில்லுகளை ஒரு மானின் கண்கள் என்று நினைத்து ஒருவர் என்னைக் குறிபார்த்தார். அதை உடம்பு மறக்க மாட்டேன் என்கிறது.

கல்யாணமாகி நான் போய்ச் சேர்ந்த ரப்பர் தோட்டம் செமிலிங் பக்கம், ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருந்தது. தோட்டத்துப் பால் லாரியை ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் அண்ணன் என்றே கூப்பிட்டோம். நெட்டையான ஆள், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். தோட்டத்துத் தமிழர்களில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அப்போதெல்லாம் லைசென்ஸ் இருந்தால் மான் சுடலாம். இப்போது நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். அவர் சுட்ட பன்றியும் சருகுமானும் லயத்து வீடுகளில் எல்லா அடுப்பிலும் வெந்திருக்கின்றன. பங்கு போடும்போது கைம்பெண் வீட்டுக்கு முதல் பங்கு போகும். அதனால் ஜனங்களுக்கு அவர்மேல் தனி மரியாதை.

அப்படிப்பட்ட மனுஷனை ஒரு மான் பைத்தியமாக்கிவிட்டது. மலையிலிருந்து இறங்கும் முற்றிய கலைமான் அது. மறுநடவு செய்த இளங்கன்றுகளின் கொழுந்தைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் ஏறிப்போய்விடும். பகலில் அதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் ஓடைச் சேற்றில் பதிந்த குளம்புத் தடமும், ரப்பர் மரத்தில் கொம்பைத் தேய்த்து உரித்த பட்டையும்தான். உரிந்த இடம் என் தலைக்கு மேலே இருக்கும். அண்ணாந்து பார்த்துவிட்டு நான் வேகமாக நடந்துவிடுவேன். டிரைவர் அண்ணன் மரத்தில் பரண் கட்டிப் பார்த்தார், காற்றின் போக்கைப் பார்த்து இடம் மாற்றினார், சோப்புப் போட்டுக் குளிப்பதைக்கூட விட்டார். அவருடைய மனைவி பைப்படியில் அதைச் சொல்லிச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பார். அண்ணனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அவன் என்னைய டெய்லி பாக்குறான். நான் அவன ஒரு தடவகூட பாக்கலியே" என்று, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று சொன்னபோது, அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

எனக்கு அந்த மானைவிட அவருடைய துப்பாக்கியை நினைத்துத்தான் பயம். பால் எடுக்கப் பட்டையைச் சீவி மரம் வெட்டுகிறவர்கள் இருட்டிலேயே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம். வேட்டைக்காரரும் நெற்றியில் லைட்டோடுதான் திரிவார். மிருகத்தின் கண் லைட்டில் பட்டு மின்னினால் அவருக்கு அதுதான் குறி. ஆகையால் இரவு எந்தத் தீம்பாரில், தோட்டத்தின் எந்தப் பகுதியில், உட்காரப்போகிறார் என்பதை மாலையே மேற்பார்வையாளரான மண்டோரிடம் சொல்லிவிட வேண்டும், நாங்கள் இறங்குவதற்கு முன் அவர் வெளியே வந்துவிட வேண்டும் என்பது தோட்டத்து ஏற்பாடு. ஏற்பாடு பலமாகத்தான் இருந்தது. இருந்தும் தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் என் கையில் உளி வழுக்கும். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்தக் குண்டு எனக்கு வந்துவிடும் என்று வீட்டுக்காரரிடம் புலம்புவேன். "ஒன்னைய சுட்டு அவரு என்ன கறியா பங்கு போடப்போறாரு, போ புள்ள" என்று கிண்டல் செய்வார்.

இன்னொரு பயமும் இருந்தது. எங்கள் தோட்டத்தில் இருட்டில் யாராவது கூப்பிட்டால் உடனே பதில் பேசக்கூடாது. மனுஷர் என்றால் மூன்று முறை கூப்பிடுவார்கள், முனியோ காற்றோ என்றால் ஒருமுறைதான் கூப்பிடும், அதற்கு வாய் திறந்தால் உயிர் அதன் பின்னாலேயே போய்விடும் என்பார்கள். மாமியார் அடுப்படியில் நின்று "ஏ புள்ள" என்பார். பொழுது சாய்ந்துவிட்டால் நான் மூன்றாவது முறைக்குத்தான் "என்னங்கத்த" என்பேன். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார், சரியாக மூன்று தரம் கூப்பிடுவார். நான் மட்டும் இல்லை, லயத்தில் பாதிப்பேர் அப்படித்தான்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் தோட்டத்தில் கோழிகூட அறுக்க மாட்டார்கள். கறி இல்லை, கள் இல்லை, துப்பாக்கி இல்லை. அந்த நாட்களில்தான் நான் நிம்மதியாக மரம் வெட்டுவேன். அந்த வருஷம் மழையில் பல நாள் வேலை கெட்டிருந்தது. தீமிதி அன்று மட்டும் பெரட்டு கிடையாது, இஷ்டப்பட்டவர்கள் வெள்ளனவே இறங்கி வெட்டிவிட்டுக் கோயிலுக்கு வந்துவிடலாம் என்று மண்டோர் சொன்னார். வீட்டுக்காரர் தீ மிதிக்க விரதம் இருந்து கோயிலிலேயே படுத்திருந்தார். என்னோடு எப்போதும் வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பால்குடம். ஆகவே நான் தனியாக, கோழி கூவுவதற்கும் முன்னால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் நிரைக்குப் போனேன். துப்பாக்கி இல்லாத நாளாயிற்றே என்ற துணிச்சல்தான்.

சில மரங்கள்தான் வெட்டியிருப்பேன். கீழே பள்ளத்தில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் அசைந்தது. வேறு யாரோ மரம் வெட்ட வந்திருக்கிறார்கள் என்று முதலில் ஆறுதலாக இருந்தது. ஆனால் மரம் வெட்டுகிறவரின் லைட் மரத்துக்கு மரம் நின்று நின்று போகும். இது நிற்கவில்லை, தரையோடு மெதுவாக ஊர்ந்தது. வேட்டை இல்லாத நாளில் வேட்டைக்காரர் எப்படி வருவார்? அப்படியானால் இது மனுஷர் இல்லை என்று என் புத்தி முடிவு கட்டிவிட்டது. கை தானாகப் போய் என் லைட்டை அணைத்தது. சைக்கிளைப் பிடித்தபடியே கொடிப் புதருக்குள் குந்தினேன். வெளிச்சம் திரும்பி என் பக்கம் வந்தது, வந்து நின்றுவிட்டது. புதருக்கு மேலே என் தலை தெரியவில்லை. இலைச் சந்தில் பெடல் சில்லுகள் இரண்டு மட்டும் அந்தப் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? என் கை நடுங்க நடுங்க அவையும் இமைத்திருக்க வேண்டும்.

"யாரு?" என்றது ஒரு குரல்.

ஒரே ஒரு முறை. தாழ்ந்த குரல், யாருடையது என்று தெரியாத குரல். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது முறைக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. மாரியாத்தா, மாரியாத்தா என்று உதடு மட்டும் அசைந்தது. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடும் சத்தம் கேட்டது. கனமான, சூடான மூச்சு. நனைந்த ரோமத்தின் வாடை. முன்னால் வெளிச்சம், பின்னால் மூச்சு, நடுவில் நான். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. கீழே இரும்பு 'டக்' என்று மடங்கியது. அந்த ஓசை கேட்டதும் என் முதுகுக்குப் பின்னால் நின்றது லாரி ஹாரன் அடித்ததுபோலக் கத்தியது. "அய்யோ அம்மா" என்று நானும் அலறினேன். அந்த நொடியே வெடி வெடித்தது.

என் தலைக்கு மேல் மரத்தில் கட்டியிருந்த மங்கு சிதறி, அதிலிருந்த பால் என் உச்சியில் கொட்டியது. பிசுபிசுவென்று நெற்றியில் வழிந்ததைத் தொட்டு ரத்தம் என்றே நினைத்தேன். செத்துவிட்டேன் என்றும் நினைத்தேன். ஆடிய வெளிச்சத்தில் ஒரு பெரிய தோள் என் பக்கமாகப் பாய்ந்து போனதைக் கண்டேன். கழுத்து ரோமம் சடைசடையாகத் தொங்கியது, ஒரு பக்கக் கொம்பு பாதியில் முறிந்திருந்தது. புதர்கள் முறிகிற சத்தம் மலைப்பக்கம் ஏறி ஏறித் தேய்ந்தது.

லைட் ஓடி வந்தது. டிரைவர் அண்ணன். என்னைப் பார்த்ததும் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். துப்பாக்கி ஒரு பக்கம் கிடந்தது. என் தலையையும் கையையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்து, அது பால் என்று தெரிந்த பிறகும் அவரால் எழ முடியவில்லை. ஊரே அடங்கிக் கிடப்பதால் மான் சில நாளாகக் கீழ்த் தீம்பார்வரை வருகிறது, இன்று விட்டால் இனிக் கிடைக்காது என்று வந்தேன் என்றார். பிறகு அழ ஆரம்பித்தார்.

"நான் கூப்பிட்டேனே தங்கச்சி. யாருன்னு கேட்டேனே. ஏம்மா பேசாம இருந்த?"

"ஒரு தடவதானண்ணே கூப்பிட்டீங்க" என்றேன்.

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவரும் அதே லயத்தில் பிறந்தவர்தான், அவருக்கும் தெரியும். "ரெண்டாவது தடவ கூப்பிட்டா மானு ஓடிடும்மா" என்றார். இரண்டு பேரும் விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

இதை மறைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று தீமிதிக் குழி மூட்டியிருக்கும்போது பூசாரிக்கு முன்னால் வந்து நின்று, காப்புக் கட்டிய பிறகு துப்பாக்கி எடுத்ததையும், என்னைச் சுடப் பார்த்ததையும் எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டார். மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்ற என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கும் பயந்தேன். அடிதடி ஒன்றும் நடக்கவில்லை. தீ மிதித்து முடிந்ததும் வீட்டுக்காரர் வந்து என் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். டிரைவர் அண்ணனிடம் வெகுநாள் பேசவில்லை. அண்ணன் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் போலீஸில் ஒப்படைத்துவிட்டார். அதன்பின் தோட்டத்தில் எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும், பட்டப்பகலாக இருந்தாலும், நிறுத்தி நிறுத்தி மூன்று முறை கூப்பிடுவார். சின்னப் பிள்ளைகள் அவரைப் போலவே கூப்பிட்டு விளையாடும். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது நாங்கள் லூனாஸுக்கு வந்தோம். அவரும் மகன் வீட்டோடு பக்கத்திலேயே வந்து சேர்ந்தார். மாதம் ஒருமுறையாவது எங்கள் கேட்டுக்கு வெளியே "தங்கச்சி... தங்கச்சி... தங்கச்சி" என்று கேட்கும். காப்பி குடித்து முடித்ததும் சுற்றி வளைத்து அந்தப் பேச்சுக்கே வருவார். அந்த மானைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் அல்லவா. "கொம்பு எத்தன கெளம்மா இருந்துச்சு?" என்பார். "நான் என்ன எண்ணிக்கிட்டா இருந்தேன், உசுரப் புடிச்சிக்கிட்டுல்ல இருந்தேன்" என்பேன். முறிந்த கொம்பைப் பற்றி மறுபடியும் சொல்லச் சொல்லுவார். எனக்கு அந்தப் பேச்சே வேண்டாம். அவருக்காகச் சொல்வேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் பொழுது இருட்டிய நேரம். நான் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் "தங்கச்சி" என்று கேட்டது. கை நனைந்தபடி நின்றேன். இரண்டாவது வரவில்லை. பைப்பை மூடிவிட்டுக் கேட்டேன், அப்போதும் வரவில்லை. அந்தப் பள்ளமும் அந்த மஞ்சள் வெளிச்சமும் அடுப்படிக்குள்ளேயே வந்துவிட்டதுபோல் இருந்தது. என் வயதில் ஒருநாள்கூட இருட்டில் முதல் கூப்பிடலுக்கு நான் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன். "இந்தா வந்துட்டேண்ணே" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சு ஏறி இறங்கியது, வாய் திறந்திருந்தது. நுரையீரல் கெட்டுப்போயிருந்தது என்று பிறகுதான் தெரியும். மகன் இறக்கிவிட்டு மருந்து வாங்கப் போயிருந்தான்.

"மூணு தடவ கூப்பிட மூச்சு இல்லம்மா" என்றார்.

"ஒண்ணு போதும்ணே" என்றேன்.

மகனின் மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. அதன் வெளிச்சம் சுவரில் ஓடி, சைக்கிள் பெடலில் பட்டு, ஆரஞ்சுச் சில்லுகள் இரண்டும் எரிந்தன. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.