கொடிக்குக் கட்டிய விளக்கு

இருட்டில் கொடி பறந்தால் ஜெயில் என்று நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். நாற்பத்தாறு வயசு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஊர்த் தமாஷுக்கெல்லாம் மொத்தக் காண்டிராக்டர்... அப்படிப்பட்ட ஆள்தான் நம்பினேன்.

போன வாரம் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். சுதந்திரம் வந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது, இந்தத் தடவையும் கொடிக்கு விளக்குப் போடும் பொறுப்பு உங்களுக்குத்தான் என்றார்கள். வயிற்றுவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

வயிற்றில் ஒன்றுமில்லை. விஷயம் இதுதான்.

போன வருஷம், கொடியேற்றத்துக்கு முந்தின நாள், நாமக்கல்லில் ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்தேன். எருமப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் மூன்று நாள் கொடி பறக்கப்போகிறது என்று பெருமையடித்தேன். அவர் வெற்றிலையை மென்றபடியே சொன்னார் — ராத்திரியில் ஒரு நிமிஷம் வெளிச்சமில்லாமல் கொடி பறந்தாலும் மூன்று மாசம் உள்ளேயாம். எந்தச் சட்டம், எத்தனையாவது பிரிவு என்று கேட்டேனா? அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்கு ஓடிவந்தேன்.

ஊருக்கே ஒரு கியாஸ் லைட்தான். மறுநாள் கொடி ஏறியதும், கொடிமரத்துக்குப் பக்கத்தில் மூங்கில் நட்டு அதைக் கயிற்றில் உயரே இழுத்துக் கட்டினேன். கொடிக்கயிறு அவிழ்ந்துவிட்டால்? ஏழு முடிச்சுப் போட்டேன். கொடிமரத்துக்குக் குழி தோண்டிய கூலிக்காரர் பழனி நின்று பார்த்தார்.

"ஏனுங்க, கொடியக் கட்றீங்களா, எருமயக் கட்றீங்களா?"

கேட்டுவிட்டு வரப்போடு வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு ஊரில் நல்ல தமாஷ் அதுதான்.

பொழுது இறங்கித் தூறல் போட்டது. கொஞ்ச நேரத்தில் பழனியின் மனைவி குப்பாயி ஓடிவந்தாள்.

"எங்கூட்டுக்காரரு கெணத்துல உழுந்துட்டாருங்க சாமி. ரெண்டு பேரு உள்ள எறங்கித் தேடறாங்க. கொரலு கேக்குது, எந்தப் பக்கம்னு தெரியல. சிம்னி வெளக்கு காத்துக்கு அணைஞ்சு போவுது. அந்த லைட்டக் குடுங்க."

கொடுத்திருக்க வேண்டாமா? கொடியை இறக்கிவிட்டுத் தருகிறேன் என்றேன். முடிச்சில் கை வைத்தேன். தூறலில் கயிறு ஊறி இறுகியிருந்தது. ஒன்று அவிழ்ந்தது. இரண்டு... நகம் பிய்ந்தது. கத்தியால் அறுக்கலாமே என்று தோன்றியது. அதற்கும் ஒரு சட்டம் இருந்து தொலைத்தால்?

நான்காவது முடிச்சில் குப்பாயி சொன்னாள். சத்தம்கூடப் போடவில்லை.

"கொடி எங்கியும் போயராதுங்க சாமி."

காதில் விழுந்தது. ஐந்தாவது முடிச்சுக்குப் போனேன்.

அவள் என்னைத் தள்ளிவிட்டு விளக்குக் கயிற்றைத் தானே அவிழ்த்தாள். அதில் நான் போட்டிருந்தது ஒரே முடிச்சு. விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன் — இருட்டில் பறக்கிற கொடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. யாராவது பார்த்துவிடுவார்களே என்ற பயம்!

அப்புறம் ஒரு நாள் அந்தக் குமாஸ்தாவிடம் போய்க் கேட்டேன். அப்படி ஒரு சட்டத்தை அவரே கேள்விப்பட்டதில்லையாம். நான் தமாஷ்காரன் ஆயிற்றே, என்னிடமும் ஒன்று சொல்லிப் பார்ப்போம் என்று சொன்னாராம்.

அன்று விளக்கைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம். பழனியின் குரல் நின்றுபோயிருந்தது. தேடிய இரண்டு பேரும் படிமேல் ஏறி நின்றிருந்தார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது.