காலை பத்து மணிக்கு அணையும் கணினி

கெலாங் பாத்தா வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் ஒரு கணினியை நம்பினேன். அது தினமும் காலை பத்து மணிக்கு அணைந்துபோனது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் என்னிடம் திட்டு வாங்காத ஆளே இல்லை.

நான் தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விடியுமுன் பஸ் ஏறினால், இருட்டிய பிறகுதான் வீடு. ஒருமுறை அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, நான் வந்து கதவைத் திறக்கும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தார். அதற்குப் பிறகு அவரால் மாடி ஏற முடியவில்லை. கட்டிலைக் கீழே ஹாலுக்குக் கொண்டுவந்தோம். கட்டிலுக்கு எதிரே தம்பி விட்டுப்போன பழைய டெஸ்க்டாப் இருந்தது. அதில் ஒரு கேமராவை மாட்டி, கணினி எழுந்ததும் கேமராவும் தானாக ஓடும்படி தம்பி செய்து வைத்தான். என் போனிலும் அவன் போனிலும் ஹால் தெரியும். வெளிச்சம் கண்ணைக் கூசும் என்று ஸ்கிரீனை மட்டும் நான் அணைத்தே வைத்திருந்தேன்.

தேநீர் இடைவேளையில் போனைத் திறந்தால் கறுப்பு. பதறிப்போய் வீட்டுக்கு அழைத்தால் அம்மா சாவதானமாகப் பேசுவார்.

"கரண்டு போச்சும்மா. இப்ப வந்துருச்சு. ஃபேன் ஓடுது. நீ வேலயப் பாரு."

ஃபேனும் கணினியும் ஒரே சுவிட்சில்தான் இருந்தன. கரண்டு வந்தால் ஃபேன் ஓடும். கணினியை எழுப்ப மேசைக்கு அடியில் குனிந்து பட்டனை அமுக்க வேண்டும். அம்மாவைக் குனியச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் சாயங்காலம் வரை கறுப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் பக்கம் இடியும் மழையும் சாயங்காலத்தில்தான். காலை பத்து மணிக்கு, அதுவும் தினமும், ஏன் கரண்டு போக வேண்டும் என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கோபத்தில் இருப்பவளுக்கு யோசிக்க எங்கே நேரம்?

தம்பிக்குப் பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் வேலை. வாரத்தில் இரண்டு மூன்று காலைகள் அம்மாவை வந்து பார்ப்பான். அவன்மேல்தான் முதலில் பாய்ந்தேன்.

"வர்ற ஆளு ஒரு பட்டனை அமுக்கிட்டுப் போனா கை தேஞ்சிடுமா?"

"விடு லா அக்கா. அம்மா நல்லாத்தான் இருக்காங்க."

"நீ ஷிஃப்டுக்குப் போன பொறவு அவங்க விழுந்தா? யாருக்குத் தெரியும்?"

பெற்ற தாய்மேல் இவ்வளவுதான் அக்கறையா என்று இன்னும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அதன்பிறகு அவனோடு நான் பேசவில்லை.

டவுனில் கணினிக் கடை வைத்திருக்கும் சீனரிடம் கேட்டேன். அவர் கணினியைக் கொண்டுவரவே சொல்லவில்லை. பயாஸுக்குள் போய் ஒரு செட்டிங்கை மாற்று, கரண்டு வந்ததும் அது தானாக எழும் என்று மலாயில் சொன்னார். விண்டோஸ் எழுவதற்கு முன்பே மதர்போர்டு பார்த்துக்கொள்ளும் செட்டிங்குகளாம் அவை. கணினி எழும்போது டெலிட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போன நேரத்தில் உட்கார்ந்தேன். தட்டினேன், தட்டினேன், விண்டோஸ்தான் வந்தது. என் கீபோர்டு வயர் இல்லாதது. விண்டோஸ் வந்த பிறகுதான் அதற்கு உயிரே வந்தது. பக்கத்து வீட்டுப் பையனிடம் வயர் கீபோர்டு இரவல் வாங்கி மறுபடி தட்டினேன். பயாஸ் திறந்தது. பக்கம் பக்கமாகத் தேடி, பவர் என்ற பகுதியில் கண்டுபிடித்தேன். மின்சாரம் போய்த் திரும்பினால் என்ன செய்ய என்று கேட்டு, மூன்று விடைகள் வைத்திருந்தார்கள். அணைந்தே இரு, எழுந்திரு, முன்பு இருந்த நிலைக்குப் போ. எழுந்திரு என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பிறகு, சேமிக்காமலேயே வெளியே வந்துவிட்டேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு மறுபடி கறுப்பு. வேலை செய்யும் இடத்தில் வாய்விட்டுக் கெட்ட வார்த்தை சொன்னது அன்றுதான்.

அடுத்த ஞாயிறு மறக்காமல் சேமித்தேன். சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். கணினி தானாக எழுந்தது. கோயிலிலிருந்து வந்த அம்மாவிடம், எல்லாம் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். என்ன சரியானது என்று அவர் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை.

திங்கட்கிழமை கேன்டீனில் போனைத் தண்ணீர் போத்தலில் சாய்த்து வைத்து, பக்கத்திலிருந்த இரண்டு பெண்களிடம் பயாஸ் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குப் படம் போனது. "இப்ப பாருங்க, தானா வரும்" என்றேன். வந்தது.

அம்மா குளித்துவிட்டு, மார்பில் முடிந்த ஈரக் கைலியோடு கட்டில் பக்கம் நின்றுகொண்டிருந்தார். மாற்றுத் துணி கட்டில்மேல் இருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா முடிச்சை அவிழ்த்தார்.

போனைக் கவிழ்த்து அடித்தேன். அந்தப் பெண்கள் இருவரும் தங்கள் தேநீரைப் பார்த்தார்கள். எனக்குக் காதுவரை சுட்டது.

கவிழ்ந்த போன் அதிர்ந்தது. தம்பி.

"அக்கா, என் போன்லயும் வந்துச்சு, ஒடனே மூடிட்டேன். பாக்கல. சத்தியமா பாக்கல." அவனுக்கு மூச்சு வாங்கியது. "கரண்டெல்லாம் போகல. அம்மாதான் டெய்லி சுவிட்ச அடைக்கிறாங்க, உடுத்திக்கிறதுக்கு. ஃபேனுக்காக மறுபடி போட்டாலும் கம்ப்யூட்டர் செத்தே கெடக்கும்னு அவங்களுக்குத் தெரியும். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

அன்று இருட்டிய பிறகு வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்மா பொய் சொன்னீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அம்மா என்னைவிடச் சத்தமாகப் பேசினார்.

"மாட்டுன அன்னைக்கே சொன்னேன்! கூச்சமா இருக்குடின்னேன். நீ என்னா சொன்ன? யாரு பாக்கப் போறா, நாந்தானேன்ன. நீன்னாலும் எனக்குக் கூச்சம்தான்டி!"

சொல்லியிருந்தார். நான் அப்போது ஏணிமேல் நின்று சுவரில் வயரை ஒட்டிக்கொண்டிருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்தான் அந்தப் பதிலைச் சொன்னேன். அதை நான் நினைத்து முடிப்பதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"இன்னைக்கு அது ஓடுச்சா?"

"இல்லம்மா."

நம்பினாரா என்று தெரியவில்லை. கேமராவைக் குளியலறைக் கதவுப் பக்கம் திருப்பி வைக்கிறேன் என்றேன். துணி மாற்ற மட்டும் திரை கட்டலாம் என்றேன். எதற்கும் தலையாட்டவில்லை.

"எந்தப் பக்கம் வேணா திருப்பு. நான் அடச்சா அது அடஞ்சே இருக்கணும். அவ்வளவுதான்."

விழுந்து கிடந்ததை மறந்துவிட்டாரா என்று கத்தினேன். விழுந்தது நான்தானே, நீயா என்று அவரும் கத்தினார். அந்தக் கோபத்தோடேயே, இன்னும் திருப்பிக் கொடுக்காத இரவல் கீபோர்டை மாட்டி, பயாஸுக்குள் போய், அணைந்தே இரு என்று மாற்றிச் சேமித்தேன். அம்மா பக்கத்தில் நின்று கடைசிவரை பார்த்தார். பிறகு தானே சுவிட்சை அணைத்துப் போட்டுச் சோதித்தார். ஃபேன் மட்டும் சுற்றியது.

மறுநாள் பத்து மணிக்குப் படம் போனது. பதினொன்றுக்கும் வரவில்லை, பன்னிரண்டுக்கும் வரவில்லை. அவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். வெகுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தார்.

"உசுரோடதான் இருக்கேன். வை போனை."