மல்லிகா சொன்னால்தான் ஊழியம்

எங்கள் தலைக்கு மேல் குடியிருந்த சேவியர் இரட்சிக்கப்பட்ட செய்தி எனக்குச் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் வந்தது. மராத்திக்காரர்கள் ஊரில், வானவடி என்ற பேட்டையில் நாங்கள் இருந்த கட்டடத்தில் சமையலறை ஜன்னல்கள் எல்லாம் பின்பக்கத்துக் குறுகிய சந்துப் பக்கம் பார்த்தபடி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேலே மிளகாய் தாளித்தால் கீழே எங்களுக்குத் தும்மல். மேலே சண்டை என்றால் கீழே என் மோர்க்குழம்பு கவனிப்பாரற்றுத் திரிந்துபோகும். அந்த ஜன்னலில் ஒருநாள் விடியற்காலையில் தட்டு பறக்கிற சத்தத்துக்குப் பதிலாகப் பாட்டு கேட்டது. குரல் சேவியருடையது. ராகம் யாருடையதும் இல்லை.

“பாமா, இதுக்கு அந்தத் தட்டே தேவலை போலிருக்கே” என்றார் என் வீட்டுக்காரர் அனந்தராமன், தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு. பாங்க்காரர். எதிலும் லாப நஷ்டம் பார்த்துவிட்டுத்தான் கருத்துச் சொல்வார்.

சேவியர் தூத்துக்குடிக்காரர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, விமான் நகரில் ஒரு ஹோட்டலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தார். ஆள் ஆறடி, குரல் அதற்கும் மேல். அவர் பால்கனியில் நின்று காய்கறி வண்டியைக் கூப்பிட்டால் எதிர்க் கட்டடத்து ரிடையர்ட் மேஜர் விறைப்பாக நிமிர்ந்துவிடுவார். கிறிஸ்தவராகப் பிறந்தவர்தான். ஆனால் கோயில் பக்கம் தலை காட்டுவது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும். குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்கும், குறைந்தால் கிண்ணம். எல்லாம் சரியாக இருந்தால், இன்றைக்கு மட்டும் எப்படிச் சரியாக இருக்கிறது என்று ஒரு குறுக்கு விசாரணை நடக்கும். அவர் மனைவி மல்லிகா ஒரு வார்த்தை பதில் பேசமாட்டாள். விழுந்ததை எடுத்துக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் மட்டும் கேட்கும். அவர் கத்துவதைவிட அந்தச் சத்தம்தான் எனக்கு நன்றாகக் கேட்கும்.

ஒருமுறை பறந்தது ஒரு எவர்சில்வர் செம்பு. கல்யாணத்தின்போது மல்லிகாவின் அம்மா பேர் வெட்டிக் கொடுத்தது. அது பால்கனியைத் தாண்டி நேரே வந்து, எங்கள் பால்கனி விளிம்பில் இருந்த துளசித் தொட்டியில் இறங்கியது. தொட்டி இரண்டாகப் பிளந்துவிட்டது. செம்புக்கும் வயிறு ஒடுங்கிவிட்டது. ஒடுங்கிய இடத்தில்தான் அவள் பேர் இருந்தது. நான் அதை மேலே கொண்டுபோய்க் கொடுத்தபோது, “மன்னிச்சிருங்க மாமி” என்று மல்லிகா வாங்கிக்கொண்டாள். எறிந்தவர் உள்ளே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

துளசியை ஒரு காலி பெயின்ட் டப்பாவில் நட்டேன். பாவம், பிழைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் புதுத் தொட்டி வாங்கி வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டேன். உடைத்தவர் வாங்கித் தரட்டும் என்று எனக்கு வீம்பு. வருஷங்கள் ஓடின. துளசி லட்சுமி பெயின்ட் டப்பாவிலேயே குடித்தனம் செய்தாள்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தமிழர்களுக்கான நற்செய்திக் கூட்டம் நடந்தது. வண்டிகளை ஒழுங்குபடுத்த விஷயம் தெரிந்த ஆள் வேண்டும் என்று சேவியரைக் கூப்பிட்டிருந்தார்கள். விசிலும் கையுமாக வாசலில் நின்றவர் பிரசங்கம் கேட்க உள்ளே போகவில்லை. ஒலிபெருக்கி விட்டால்தானே? ஆண்டவர் கதவைத் தட்டிக்கொண்டு காத்து நிற்பாரே தவிர, எட்டி உதைத்துத் திறக்கமாட்டார் என்று கடைசி நாள் பிரசங்கியார் சொன்னாராம். வாழ்நாள் முழுக்க எட்டி உதைத்தே பழகிய மனிதர் விசிலைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். உள்ளே போய் மண்ணில் உட்கார்ந்து, தோள் குலுங்க அழுதார். இதை நான் கேலி செய்யமாட்டேன். அன்றோடு தட்டு பறப்பது நின்றது. அவர் குடிக்கிற ரம்மும் நின்றது.

ரம் நின்றதில்தான் எங்கள் கட்டடத்து சொசைட்டிக்கு இடி விழுந்தது. ஓய்வு பெற்ற ராணுவத்தாருக்குக் காண்டீனில் மாதாமாதம் மலிவு விலையில் ரம் கோட்டா உண்டு. சேவியருடைய கோட்டாவை நம்பி எங்கள் கட்டடத்தில் பல குடும்பஸ்தர்கள் வாழ்ந்துவந்தார்கள். அவர் பாட்டில் வாங்குவதையே விட்டுவிட்டார். ஒரு ஆத்மா கரையேறியதற்கு இத்தனை பேர் துக்கம் கொண்டாடி நான் பார்த்ததில்லை. சொசைட்டிச் செயலாளர் குல்கர்ணி என்னை லிஃப்ட் வாசலில் நிறுத்தி, “சேவியர்ஜி கோ க்யா ஹோ கயா?”, சேவியருக்கு என்ன ஆகிவிட்டது என்று, ஆஸ்பத்திரியில் கிடப்பவரை விசாரிப்பதுபோல் விசாரித்தார்.

தனக்குக் கிடைத்த இரட்சிப்பை நாலு பேருக்குச் சொல்லாமல் சேவியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் சொன்ன விதம் பரேடு மைதானத்துக்கானது. காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் காலி சிலிண்டரை எடுக்காமலே ஓடினான். எங்கள் கதவையும் ஒருநாள் இடித்தார்.

“மாமி! இயேசு ஒங்களத் தேடுதாரு!”

“நான் இங்கேதானே இருக்கேன்! கதவை உடைக்காம தேடச் சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டேன்.

அவர் சேர்ந்திருந்த சபை சின்னது. ஃபாத்திமா நகர்ப் பக்கம் ஒரு ஹாலில் கூடுவார்கள். அங்கே பாஸ்டர் சந்தானம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வீடு வீடாகப் போய் விசுவாசத்தைச் சொல்கிற ஊழியத்துக்கு ஒருவரை அனுப்புவதற்கு முன்னால், அவருடைய மனைவி சபை நடுவில் எழுந்து நின்று, இவர் வீட்டிலும் மாறியிருக்கிறார் என்று சாட்சி சொல்லவேண்டும். மனைவி போவதென்றால் கணவர் சொல்லவேண்டும். மற்ற வீட்டுப் பெண்கள் எல்லாரும் குக்கர் விசில் அடிப்பதற்குள் சொல்லி முடித்து உட்கார்ந்துவிட்டார்கள். சேவியர் புதுச் சட்டை, புதுப் பை, பை நிறைய நற்செய்திக் கைப்பிரதிகளோடு தயாராக நின்றார்.

மல்லிகா எழுந்தாள். “இன்னும் இல்ல பாஸ்டர்” என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது இதை அவளே என்னிடம் சொன்னாள். “ஏண்டி இப்படிப் பண்ணினே?” என்றேன். “கேட்டாவ, சொன்னேன் மாமி” என்று ஒரு போர்வையை உதறினாள்.

அன்றிலிருந்து மேல் வீட்டில் புரட்சி. முருங்கைக்காய் நறுக்குவது சேவியர். பாத்திரம் தேய்ப்பது சேவியர், அதுவும் துப்பாக்கி துடைக்கிற மாதிரி. உப்பில்லாத ரசத்தை ஸ்தோத்திரம் சொல்லிக் குடித்தார். உப்பு போட அவள் மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்பது எனக்கும் கர்த்தருக்கும் தெரியும். மறுபடி பாஸ்டர் கேட்டார். “இன்னும் இல்ல பாஸ்டர்.” உபவாசம் இருந்தார், இளைத்தார். “இன்னும் இல்ல பாஸ்டர்.” சபையில் சிரிப்பு அடக்கமுடியாத நிலைக்கு வந்துவிட்டது. என்ன குறை என்று பாஸ்டர் தனியாக விசாரித்ததற்கு, “அது அவியளுக்கே தோணணும்” என்றாளாம்.

ஒருநாள் மாடிப்படியில் சேவியர் அந்தப் பையோடு உட்கார்ந்திருந்தார்.

“செத்துக் கெடந்தவன எழுப்பி விட்டுட்டாரு மாமி. அத வெளிய போயி சொல்லாம வாயப் பொத்திக்கிட்டு இருன்னா, நெஞ்சு வெடிச்சிரும் போலருக்கு” என்றார். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே எனக்குப் பாவமாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு மல்லிகா எங்களைக் கூப்பிட்டாள். கேக் உண்டு என்பதால் இவரும் வந்தார். வெளி ஊழியத்துக்குத்தான் சேவியருக்கு அனுமதி இல்லை. ஹாலுக்குள் சாட்சி சொல்லத் தடையில்லை. அவருடைய சாட்சி அங்கே மிகப் பிரபலம் என்பதும், அதில் நான் முக்கியமான பாத்திரம் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“அன்னைக்குக் கொழம்புல உப்பு கூடிப்போச்சு. எடுத்தேன் செம்ப! விட்டேன் பாருங்க!” கையைச் சுழற்றி எறிந்து காட்டினார். “கீழ் வீட்டு மாமி துளசித் தொட்டி டமார்! ‘ஐயோ பெருமாளே’ன்னு மாமி போட்ட கூச்சல் கண்டோன்மென்ட் வரைக்கும் கேட்டுச்சு! அப்பேர்ப்பட்ட பாவி நான்!”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அல்லேலூயா என்றது. என் வீட்டுக்காரரும் சிரித்தார், அதை வீட்டில் கவனித்துக்கொண்டேன். நான் கூச்சலே போடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், பார்த்தாயா இந்த மனிதரை என்று கேட்க மல்லிகா பக்கம் திரும்பினேன். அவள் தலையைக் குனிந்து புடவைத் தலைப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் இருந்த ஹாலில் அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. ‘இன்னும் இல்ல’ என்பது என்னவென்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது.

திரும்பி வந்து படியேறும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மல்லிகா முன்னால் போகட்டும் என்று விட்டுவிட்டுக் கேட்டேன்.

“ஏன் சேவியர், அந்தச் செம்பு கதையை ஊர் பூரா சொல்றேளே. செம்புக்காரிகிட்டே ஏதாவது சொன்னேளோ?”

“அவளுக்குத் தெரியாத கதையா மாமி? அவ பக்கத்துலதான நின்னுக்கிட்டு இருந்...”

முடிக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முகத்தில் இருந்த சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக இறங்கியது. நான் குட்நைட் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பாட்டு இல்லை. நான் காபிக்குப் பால் வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். மேலே நாற்காலி நகர்ந்தது. பிறகு அவருடைய குரல், ஆனால் தாழ்ந்த குரல். என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. மானத்தை விட்டு ஸ்டூல் போட்டு ஏறிக் காதை வைத்தேன். ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அந்த மனிதர் பேசி எனக்குக் கேட்காமல் போன முதல் பேச்சு அதுதான். நெடுநேரம் கழித்து மல்லிகா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கேட்பதற்கு முன்பே மல்லிகா எழுந்துவிட்டாளாம். “வீட்டுல மாறிட்டாவ பாஸ்டர்” என்றாளாம். ஹால் முழுக்கக் கைதட்டல். அது அடங்கும்வரை நின்றுவிட்டு, “ஆனா இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கு. அங்க போயிட்டு வரட்டும்” என்று முடித்தாளாம்.

அன்று சாயங்காலம் எங்கள் கதவில் சத்தம். அத்தனை லேசான சத்தம் என்பதால் டிவியில் வருகிறது என்று இவர் நினைத்துவிட்டார். நான் போய்த் திறந்தேன். சேவியர் நின்றார். கையில் செம்மண் பூசிய புதுத் தொட்டி. பின்னால் மல்லிகா.

“மாமி, அன்னைக்கு ஒங்க தொட்டிய ஒடச்சது நாந்தான்.”

“தெரியும். செம்பு தானா பறக்காது.”

“மன்னிச்சிருங்க மாமி. இத்தன நாளும் அதச் சொல்லிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சேன். ஒங்ககிட்ட வந்து கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.”

இந்த மனிதர் என்றைக்காவது வந்து நின்றால் கேட்பதற்கென்று சுருக்கென்ற வாக்கியங்கள் எத்தனையோ சேர்த்துவைத்திருந்தேன். கதவை அகலத் திறந்தேன். “உள்ளே வாங்கோ” என்றேன்.

அவர் தொட்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ள, நான் துளசியைப் பெயின்ட் டப்பாவிலிருந்து வேரோடு எடுத்து அதில் வைத்தேன். பிறகு எல்லாருக்கும் காபி. அந்தப் பை அவர் தோளில்தான் இருந்தது. கைப்பிரதிகளின் ஓரம் எட்டிப் பார்த்தது. அவர் அதைத் தொடவே இல்லை. டம்ளரைப் பார்த்தபடி காபி குடித்தார். இயேசு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கே பொறுக்கவில்லை.

“சரி, அப்படி என்னதான் சொல்றார் உங்க ஏசு?” என்று கேட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். சேவியர் நிமிர்ந்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். பரேடு மைதானத்துக் குரல் வரப்போகிறது என்று நான் காபி டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவர் வாயைத் திறக்காமல் மல்லிகாவைப் பார்த்தார்.

“சொல்லுங்க” என்றாள் மல்லிகா. “மெதுவாச் சொல்லுங்க.”