அக்காவுக்கு உடுத்திய வெள்ளைப் புடவை

எதிர்வீட்டு அக்காவும் நானும் சேர்ந்து போனதெல்லாம் பேய்ப் படங்களுக்குத்தான். அவள் விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, பத்து மணிக்குள் விற்று முடித்துவிடுவாள். வண்ணாரப்பேட்டையில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் எனக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. திருவொற்றியூர் பக்கம் ஒரு பழைய தியேட்டருக்குக் காலைக்காட்சி போவோம். சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் அவள் கையில் மீன் வாசனை போகாது. பாப்கார்னை என்னையே பிடிக்கச் சொல்வாள்.

அவள் பயந்து நான் பார்த்ததில்லை. எல்லாப் படத்திலும் ஏறக்குறைய ஒரே கதை. ஒரு பெண்ணைக் கெடுப்பார்கள், எரிப்பார்கள், இல்லை கிணற்றில் தள்ளுவார்கள். அப்புறம் அவள் வெள்ளைப் புடவையும் விரித்த தலையுமாக வந்து ஒவ்வொருத்தனாகக் கொல்லுவாள். ஒருநாள் இடைவேளையில் அக்கா சொன்னாள்: "உசுரோட இருக்கசொல்ல ஒருத்தன ஒரு அறை வுட முடியல. செத்தப்புறம் மட்டும் எங்கேர்ந்துடி வருது இவ்ளோ பலம்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்று அவளுடைய இடது காதுக்குக் கீழே வீங்கியிருந்தது.

அவள் புருஷன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன். எங்கள் ஹவுசிங் போர்டு வீடுகளில் கதவுக்குக் கதவு நாலடிதான் இருக்கும். அடி விழும் சத்தம் தெளிவாகக் கேட்கும். நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வோம்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அவன் வீட்டில் இருந்ததால் நாங்கள் படத்துக்குப் போகவில்லை. மதியம் கத்தல் கேட்டது. பிறகு படிக்கட்டில் ஏதோ உருண்ட சத்தம். கதவைத் திறந்து ஓடினேன். மாடிப்படி திரும்புகிற இடத்தில் அக்கா கிடந்தாள். தலை சுவரோடு மடங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம். மேல்படியில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"தண்ணி எடுத்துகினு வந்தா. வழுக்கி வுழுந்துட்டா" என்றான்.

படியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அன்று தண்ணி லாரியே வரவில்லை. அது எங்கள் பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும். விசாரிக்க வந்த போலீஸ்காரர் வீடு வீடாகக் கேட்டார். "தெரியாது சார்" என்றார்கள் எல்லாரும். நானும் அதையேதான் சொன்னேன். சொல்லும்போது அவன் தன் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் கழித்து அக்கா பேயாக வருகிறாள் என்று பேச்சு கிளம்பியது. படியில் கொலுசுச் சத்தம் கேட்டதாக ஒருத்தி சொன்னாள். வெள்ளைப் புடவையில் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்ததாக இன்னொருத்தி சொன்னாள். அக்கா கொலுசே போட்டதில்லை. மீன் தண்ணியில் கறுத்துப்போகும் என்பாள். அவளிடம் வெள்ளைப் புடவையும் கிடையாது. ஏதோ ஒரு பூப்போட்ட புடவை, அதன்மேல் ஒரு ஆம்பளைச் சட்டை, அவ்வளவுதான் அவள் உடுப்பு. ஜனங்கள் பார்த்தது சினிமாவில் வருகிறவளை. அக்காவை யாரும் பார்க்கவில்லை.

உண்மையைச் சொன்னால், நானும் எதிர்பார்த்தேன். அவள் வந்து அவனை ஏதாவது செய்வாள் என்று. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் சதை போட்டான். அவள் வந்து நெஞ்சின்மேல் உட்கார்ந்து அமுக்குகிறாள் என்று அவனும் சொல்ல ஆரம்பித்தான். பாவம் என்று பிளாக்குப் பெண்கள் அவனுக்குக் குழம்பு கொடுத்து அனுப்பினார்கள்.

வருஷம் திரும்புவதற்குள் செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். வந்த வாரமே அவளுக்குப் பேய்க்கதை தெரிந்துவிட்டது. முதல் பெண்டாட்டி ஆவியாக வந்து இரண்டாவது பெண்டாட்டியின் உடம்பில் புகுந்துகொள்வதை அவளும் படங்களில் பார்த்திருந்தாள். தண்ணிக்கு இறங்க வேண்டுமென்றால் என் கதவைத் தட்டுவாள். இறங்கி முடிக்கும்வரை என் கையை விடமாட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் படி திரும்புகிற இடத்தில் ஒரு முழம் மல்லிகை வைத்துக் கும்பிடுவாள்.

ஒரு காலையில் அவள் குடத்தைத் தூக்கியபோது முழங்கைக்கு மேலே நாலு விரல் பதிந்திருந்தது தெரிந்தது. அந்தப் படியிலேயே அவளை நிறுத்திச் சொன்னேன்.

"நீ பயப்பட வேண்டியது அவளுக்கு இல்லம்மா. அவ செத்த அன்னிக்கு தண்ணி லாரி வரல."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியும்க்கா" என்றாள். "வந்த பத்தாம் நாளே தெரியும். அவர் வாயாலயே சொன்னாரு, உனக்கும் அதே கதிதான்னு."

"அப்புறம் ஏன் இங்க இருக்க? ஊருக்குப் போயிடு."

"அங்க எனக்குக் கீழ இன்னும் ரெண்டு பேர் கல்யாணத்துக்கு நிக்கிறாங்க. எங்கக்கா போறது? அவருக்கு பயந்தா அந்த வூட்ல ஒருநாள் தூங்க முடியாது. இந்த அம்மாவுக்கு பயந்தா, பூ வெச்சா மனசு கொஞ்சம் அடங்குது."

போலீசில் போய்ச் சொல்லலாம் என்றேன். "அன்னிக்கு நீங்க சொன்னீங்களாக்கா?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். குடத்தை எடுத்துக்கொண்டு, முதல்முறையாகத் தனியாகவே மேலே ஏறிப்போனாள்.

மூன்று மாதத்தில் அவன் வீட்டைக் காலி செய்து எண்ணூருக்கு அந்தப்பக்கம் எங்கேயோ அவளைக் கூட்டிப்போனான். பேய்த் தொல்லை தாங்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனான். சாமான் ஏற்றும்போது அவள் என் போன் நம்பரைக் கேட்டு வாங்கி, தன் நம்பரையும் கொடுத்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம்.

இரண்டுமுறை கூப்பிட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னாள், மெதுவான குரலில். மூன்றாவது முறை அவன் எடுத்தான். "யாரு?" என்றான். பின்னால் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசாமல் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த நம்பருக்கு நான் போடவில்லை.