பெண்கள் கவுண்டர் சாரதாமணி அக்கா

சாரதாமணி அக்கா செத்துப்போன செய்தியை எனக்கு ஒரு சினிமா போஸ்டர்தான் சொன்னது. போன வாரம் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் எங்கள் இயக்குநரின் முகம், ஆளுயரத்துக்கு. புதுப் படத்துக்கு விளம்பரம் ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போனால் மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது. மனுஷன் போய்விட்டாரோ என்று பதறிப்போனேன். அப்புறம்தான் கீழ் மூலையில், ஸ்டாம்பு அளவுக்கு, அக்காவின் படம் தெரிந்தது. அதற்கும் கீழே கொட்டை எழுத்தில், 'எங்கள் இயக்குநரின் அடுத்த படைப்பு, விரைவில்'.

கையிலிருந்த டீயைக் கீழே ஊற்றினேன். இழவுப் போஸ்டரிலும் படத்துக்கு விளம்பரம் போட ஒரு மனசு வேண்டும். அதில் துக்கம் தெரிவித்திருந்த அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். போஸ்டர் ஒட்டியது இயக்குநரின் ரசிகர் மன்றம்; நாலு வருடத்துக்கு முன்னால் அதன் செயலாளர் நான். அக்காவுக்கு மன்றம் செய்த மரியாதை என்னவென்றும் தெரியும். அவரோடு பழகிய பலர் இதைப் படிப்பீர்கள். அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அவரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர்த் தியேட்டரில் பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுத்தவர் சாரதாமணி அக்கா. சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதுதான் கவுண்டர். ஆண்கள் பக்கம் காசை நீட்டுவார்கள், டிக்கெட்டைப் பிடுங்குவார்கள், ஓடுவார்கள். பெண்கள் பக்கம் அப்படி இல்லை. ஒவ்வொருத்தியும் குனிந்து, ஓட்டைக்குள் முகத்தைக் காட்டி, "படம் எப்படிங்க அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் காசை எடுப்பாள். அக்காவும் ஆளுக்குத் தகுந்த பதில் வைத்திருப்பார். "அழுவாச்சிப் படமுங்க, கைக்குட்டை இருக்குதுங்களா?" என்பார். "மாமியாளைக் கூட்டீட்டு வந்திருக்கீங்க, நாளைக்கு நீங்க மட்டும் வாங்க அம்மணி" என்பார். இந்தப் பதில்களுக்காகவே முதல் நாள் காலைக் காட்சியில் கவுண்டரை மூடிவிட்டு, பெண்கள் வாசல் திரைச்சீலை ஓரம் நின்று முழுப் படமும் பார்த்துவிடுவார். எதற்கு இந்தக் கால்வலி என்று ஒருமுறை கேட்டேன். "பாக்காம எப்படிக் கண்ணு சொல்றது? அத்தனை சோலியப் போட்டுப்போட்டு வாராங்க" என்றார்.

அவரையும் என்னையும் சேர்த்தது இந்த இயக்குநர்தான். அவருடைய முதல் மூன்று படங்களில் பெண்கள் வாயைத் திறந்து பேசினார்கள். அடித்த புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒருத்தி பஸ் ஏறிப் போனாள். அந்த இடத்தில் எங்கள் தியேட்டரில் பெண்கள் பக்கம் விசில் கேட்டது. சிறுமுகை நெசவுக்காரப் பெண்கள் கூட்டமாக வந்து இரண்டாம் தடவையும் பார்த்தார்கள். அந்த மூன்று படங்களுக்காக அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம்.

நாலாவது படத்துக்கு இரண்டு வருடம் காத்திருந்தோம். பொங்கலுக்கு என்றார்கள், சித்திரைக்கு என்றார்கள். பாட்டுக் கேசட் வந்ததும் பாட்டை வைத்தே கதை கட்டினோம். வாரப் பத்திரிகையில் ஒரே ஒரு ஸ்டில் வந்தது. கதாநாயகி ஒரு பஸ்ஸின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், முகம் இறுகியிருக்கிறது. அக்கா அதைக் கத்தரித்துக் கவுண்டருக்குள் ஒட்டினார். "இந்தப் புள்ள பஸ் ஓட்டப் போகுது பாரு கண்ணு. டிரைவராட்டத்தான் நிக்குது" என்றார். எங்களுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. வேறு படம் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா மாதக்கணக்கில் சொன்னார். ஊர்ப் பெண்கள் பஸ் ஓட்டுகிற பெண்ணைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

படப்பெட்டி கோயம்புத்தூரிலிருந்து வந்த அன்று அதற்கு மாலை போட்டு, சூடம் காட்டி, மேளத்தோடு கொண்டுபோனோம். நான்தான் தேங்காய் உடைத்தேன். காலைக் காட்சியில் இடைவேளைக்கு முன்பே படம் எங்கே போகிறதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. கதாநாயகி பஸ் ஓட்டவில்லை. கதாநாயகன் ஓடுகிற பஸ்ஸை மறித்து, கதவைப் பிடித்துக்கொண்டு கதறுகிறவளைத் தாவணியோடு இழுத்துக் கீழே போடுகிறான். அந்த ஸ்டில் இதுதான். இதைக் காதல் என்று காட்டி, கடைசியில் அவளையே அவன் காலில் விழவும் வைத்திருந்தார் எங்கள் இயக்குநர். அவள் விழுந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மன்றத் தலைவர் நாற்காலி மேல் ஏறி விசிலடித்தார். திரும்பிப் பார்த்தேன். அக்கா திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

மேட்னிக்குப் பெண்கள் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. அக்கா ஓட்டையைத் திறந்தார். "பஸ் ஓட்டுதுங்களா அக்கா?" என்று முதலில் நின்ற அம்மா கேட்டது என் காதிலும் விழுந்தது.

"இல்லீங்க அம்மணி. நான் தெரியாம சொல்லிப்போட்டேன். அந்தப் புள்ளயப் பஸ்ஸ உட்டு இழுத்துப் போடறானுங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க."

அடுத்தவளுக்கும் அதே பதில், அதற்கடுத்தவளுக்கும். டிக்கெட் கொடுக்க உட்கார்ந்தவர், வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். வரிசை கலைய ஆரம்பித்தது. பெண்கள் பக்கம் காலியானால் படம் விழுந்ததென்று ஊர் பேசும். தலைவர் என்னை வரிசைக்குத் தள்ளினார். நானும் போய் நின்று, "நம்பாதீங்க, குடும்பத்தோட பாக்கலாங்க" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அந்த வரிசையில் என் தங்கை நின்றிருந்தாள். கூடவே பக்கத்து வீட்டுச் செல்வி. தங்கையின் கையைப் பிடித்து வெளியே இழுத்து, அம்மாவுக்குக் காய்ச்சல், உடனே வீட்டுக்குப் போ என்று பொய் சொல்லி அனுப்பினேன். செல்வி, "படம் எப்படிங்கண்ணா?" என்று கேட்டாள். "நல்லாருக்குது, நீ பாரு" என்றேன். அவள் கவுண்டரில் குனிந்து என்னமோ பேசினாள்; டிக்கெட்டோடு உள்ளே போனாள்.

அக்கா ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "ஏனுங்க செயலாளரு, உங்க தங்கச்சிக்கு ஒரு படம், ஊரான் ஊட்டுப் புள்ளைக்கு ஒரு படமுங்களா?"

அவ்வளவு நாள் கண்ணு, கண்ணு என்று கூப்பிட்டவர். எங்கள் பக்கத்து 'ங்க' போடுகிற மரியாதை எத்தனை கொடுமையானது என்று அன்றுதான் தெரிந்தது. 'நாயே' என்று திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

பத்து நிமிடத்தில் மன்றத்து ஆட்கள் கவுண்டரைச் சூழ்ந்தார்கள். தலைவர் வாயிலிருந்த வெற்றிலைச் சாறை அந்த ஓட்டைக்குள் துப்பினார். அது அக்காவின் கையில் விழுந்தது. அவர் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அடுத்து நின்ற பெண்ணிடம், "வேண்டாங்க அம்மணி" என்றார். இன்று போஸ்டரில் கண்ணீர் விடுகிற முதல் பெயர் அந்த ஆளுடையதுதான். இழவு வீட்டிலும் மாலையோடு வந்து, "அக்கா நம்ம மன்றத்துக்கே தாயாட்டமுங்க" என்றார். த்தூ!

அவரைச் சொல்லி என்ன. இயக்குநரின் உழைப்பைக் கெடுத்த கவுண்டர்க்காரியை நீக்க வேண்டும் என்று முதலாளிக்குப் போன மனு என் கையெழுத்தில் இருந்தது. ஒரு வாரத்தில் அக்காவுக்கு வேலை போயிற்று. படம் ஓடிய நாளெல்லாம் காரமடை பஸ்ஸில் பையன்கள் கதாநாயகனின் வசனத்தைச் சொல்லிப் பெண் பிள்ளைகளின் தாவணியை இழுத்தார்கள். அதே பஸ்ஸில் போய்வந்த செல்வி டைப்ரைட்டிங் வகுப்பை நிறுத்திவிட்டாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. தெரிந்துதான் நானும் கேட்கவில்லை.

மன்றத்தை விட்டு விலகி ஒரு வருடம் கழித்து அக்காவைத் தேடிப் போனேன். பாக்கு மண்டியில் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். "வாங்க, உக்காருங்க" என்றார். டீ வரவழைத்தார். மன்னிப்புக் கேட்டேன். கையை நிறுத்தாமல் சொன்னார்: "எங்கிட்டச் சொல்லி என்னாகுதுங்க? நான்தான் படத்தப் பாத்துப்போட்டேனே. உங்க பேச்சக் கேட்டு உள்ள போச்சுங்களே, அதுககிட்டச் சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அக்கா போய்ச் சேர்ந்த பிறகு, நேற்றுதான், செல்வியைக் கட்டிக்கொடுத்த சிறுமுகைக்குப் போனேன். இடுப்பில் குழந்தையோடு வந்து, உள்ளே வரச் சொன்னாள். வாசலிலேயே நின்று, "அன்னைக்குப் படம் நல்லாருக்குதுன்னு பொய் சொன்னேன் செல்வி. எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

"அக்கா சொன்னாங்கண்ணா" என்றாள் அவள். "டிக்கெட் கேக்கறப்பவே, போகாத கண்ணுன்னு கையப் புடிச்சாங்க. நாந்தான், அண்ணன் பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்லிப்போட்டுப் போனேன்."

பொய்யே சொல்லாத அக்காவின் பேச்சைவிட என் பேச்சு அன்று எடுபட்டிருக்கிறது. அதை நினைத்தால் என் வாயே எனக்குக் குமட்டுகிறது. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் குமட்டல் ஒன்றுதான். அது ஆறிவிடக் கூடாது.