பார்க்காமல் சொன்ன பதில்

எங்கள் பழைய ஜீப், சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும். பற்றரியை மாற்றியும் பலனில்லை. மூன்று நாட்களாகத் தள்ளித்தான் ஓட்டினோம்.

விதைநெல் மூட்டைகளோடு கொக்கட்டிச்சோலை வயல் வட்டைக்குள் சேற்றில் அது நின்றபோது எனக்கு அலுத்துவிட்டது. என்ஜினைச் சுழற்றிவிடும் ஸ்டாட்டரின் இரண்டு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் தொடுத்து இயக்கப் பார்த்தேன். என்ஜின் மூடியான பொனற்றைத் தாங்கும் கம்பி உடைந்திருந்ததால், மனைவி சாந்தி முன்னால் நின்று அதைத் தூக்கிப் பிடித்தாள்.

“கியர எடுத்து நியூட்ரல்ல விட்டிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“ஓம், ஓம். நீ பிடி” என்றேன். நான் பார்க்கவில்லை.

தொட்டதும், கியரிலேயே இருந்த ஜீப் முன்னால் பாய்ந்தது. விலகப் பாய்ந்த சாந்தி பக்கத்து வாய்க்காலுக்குள் விழுந்தாள். ஜீப் நாலடி போய்ச் சேற்றில் புதைந்து நின்றது. நான் வாய்க்கால் கரைக்கு ஓடினேன்.

“எனக்கு ஒண்டுமில்ல. கையத் தாங்க” என்றாள் அவள்.

சாவியிலிருந்து ஸ்டாட்டருக்குப் போகும் சின்ன வயரின் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்ததாம். மறுநாள் மெக்கானிக் அதைச் சுரண்டியதும் சரியாகிவிட்டது.

இப்போது கியரைக் கையால் அசைத்துப் பார்த்து, சில்லுக்குக் கல் வைத்த பிறகே பொனற்றைத் திறக்கிறேன். முன்னால் யாரையும் நிற்க விடுவதில்லை. களைத்த நாளில் ஜீப் வேறு ஏதும் கோளாறால் நின்றால், அதை அங்கேயே விட்டுவிட்டு, இருவரும் நடந்தே வீட்டுக்கு வருகிறோம்.